மூன்று சீட்டில் முடிவான கோப்பை

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, தென்காசியில் ஓர் இரும்புக் கடையின் மாடியில், மூன்று பேர் மூன்று துண்டுக் காகிதத்தில் ஆளுக்கொரு கல்லூரியின் பெயரை எழுதி, மடித்து, எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் போட்டோம். மாவட்டக் கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கால்பந்துப் போட்டியின் சாம்பியன் யார் என்பது அப்படித்தான் முடிவானது. சீட்டு எழுதிய மூவரில் நான் ஒருவன். சீட்டு எழுதலாம் என்று யோசனை சொன்னவனும் நான்.

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. கல்லூரிகளையும் திசையால் மட்டும் குறிப்பிடுகிறேன். செங்கோட்டைப் பக்கம் இருப்பது மேற்குக் கல்லூரி, வாசுதேவநல்லூர் சாலையில் இருப்பது வடக்குக் கல்லூரி. கிழக்கு, தெற்கு என்று இன்னும் இரண்டு உண்டு. என் நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நான் பத்திரம் எழுதுபவன். நாள், கிழமை, நான்கெல்லை இவற்றோடு முப்பது வருடத்துக்கு மேல் புழங்கியதில், எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. சாரல் என்றைக்குத் தொடங்கியது, அருவியில் குளிக்க என்றைக்குத் தடை போட்டார்கள், எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் யாருக்கும் யாருக்கும் ஆட்டம், எத்தனை கோல், எல்லாம் என்னிடம் இருக்கும். கழகத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகைகள் ஒரு கட்டு என்னிடம் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடும் ஃபுட்பாலைப் பற்றி அதில்தான் முதலில் படித்தேன். அவர்கள் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, அது கிடக்கட்டும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. அந்தப் பெரிய நாட்டில், பல்லாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டத்தில், யார் தேசிய சாம்பியன் என்று தீர்மானிக்க நெடுங்காலம் இறுதிப் போட்டியே கிடையாது. ஆட்டங்கள் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு வரிசை எழுதுவார்கள். பயிற்சியாளர்கள் தனியே ஒரு வரிசை எழுதுவார்கள். இரண்டு வரிசையிலும் முதலிடம் வெவ்வேறு கல்லூரிக்குப் போனால், அந்த வருடம் இரண்டு சாம்பியன். என்றைக்கோ முடிந்துபோன வருடத்துக்கு, பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு, "அந்த வருஷம் நாங்கதான்" என்று உரிமை கொண்டாடிய கல்லூரிகளும் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு குழு நான்கு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து ஆடவிட்டது. இப்போது பன்னிரண்டு. ஆனாலும் ஒரு அறைக்குள் சிலர் உட்கார்ந்து பேசுவது என்பது மட்டும் போகவில்லை.

இதை நான் கழகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது.

எங்கள் கழகம் நடத்தும் போட்டி எளிமையானது. நான்கு கல்லூரிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒருமுறை ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் மோத வேண்டும். வெல்கிற ஒரே ஓர் அணி சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடுவதைப் பார்த்துத்தான் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள்.

வடக்குக் கல்லூரியின் கோல்கீப்பருக்கு அது கடைசி வருடம்; ஆனிக் கடைசியில் தேர்வு எழுதினால் படிப்பு முடிந்தது. இலத்தூர்ப் பெண். முந்தைய இரண்டு வருடமும் அவள் அணி இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. இந்த வருடம் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கிழக்குக் கல்லூரி ஆட்டத்தில் அவள் இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தட்டிய ஒரு பந்தைப் பார்த்து, எங்கள் கழகத்தின் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். சென்னைக்குப் போனால் அவளை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். போவதற்கு இறுதிப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மழை அந்த வாரம் சாரலாக இல்லை. வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்த ஆட்டம் முதல் பாதியிலேயே நின்றது. அப்போது மேற்கு இரண்டு கோல் போட்டிருந்தது. நடுவர் அதைக் கைவிட்டு, சனிக்கிழமை காலை மறுபடி முதலிலிருந்து ஆடச் சொன்னார். ஆடினார்கள். மேற்கு ஒரு கோலில் ஜெயித்தது. அன்று மாலையிலிருந்து விடாமல் கொட்டியது. ஞாயிறு காலையில் மைதானத்தின் தெற்கு கோல் கம்பத்தடியில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டோம். திங்களும் நடக்கவில்லை. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கழகச் செயலாளர் எங்களை அவருடைய இரும்புக் கடை மாடிக்கு அழைத்தார். அவரைத் தவிர நாங்கள் மூன்று பேர்: உடற்பயிற்சி ஆசிரியர், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், நான்.

"அண்ணாச்சி, வானத்தப் பாத்தியளா? இன்னைக்கும் ஆவாது. சாயந்தரத்துக்குள்ள ஒரே ஒரு பேர் அனுப்பணும்னு மெட்ராஸ்ல இருந்து போன் மேல போன் வருது" என்றார் செயலாளர்.

"காச சுண்டிர வேண்டியதான? நான் எத்தன ஆட்டத்துக்குச் சுண்டியிருக்கேன்" என்றார் ஆசிரியர்.

"ஒரு வருஷமா ஓடி ஆடுன பிள்ளையளுக்கு ஒத்த ரூவாயிலயா முடிவு சொல்லுவிய?" என்று நான் கேட்டேன்.

"அப்பம் நீரே சொல்லும்வே. நெதமும் அமெரிக்கா அமெரிக்கான்னு கத வுடுதீரே, அவன் என்ன செய்வான்?" என்றார் ஆசிரியர்.

"கையில தூக்கிட்டு ஓடுவான் சார். அதுக்கு ஃபுட்பாலுன்னு பேரு வச்சிருக்கான்" என்றார் நிருபர். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன். ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவர்கள் ஓட்டுப் போடலாம். நாங்கள் மூவரும் எல்லா ஆட்டத்தையும் பார்த்திருக்கிறோம். காரணம் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம், கல்லூரியின் பெயர் மட்டும் போதும். காரணம் எழுதினால் பிறகு சண்டை வரும். செயலாளருக்கு இது பிடித்துவிட்டது. காசு சுண்டினோம் என்று வெளியே சொல்ல முடியாது; கமிட்டி ஓட்டுப் போட்டது என்று சொல்லலாம்.

"உங்க நோட்டு என்ன சொல்லுது அண்ணாச்சி? அதையும் கேட்டுக்கிடுவோம்" என்றார் நிருபர்.

வடக்கும் மேற்கும் தங்களுக்குள் ஆடியது கோல் இல்லாமல் முடிந்திருந்தது. மற்ற ஆட்டங்களில் இரண்டும் ஜெயித்திருந்தன. ஆகவே புள்ளி சமம். போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்துப் பார்க்க வேண்டியதுதான். நோட்டைப் புரட்டி, விரலை வைத்து மேலிருந்து கீழே கூட்டினேன். வடக்கு ஐந்து. மேற்கு ஏழு போட்டு ஒன்று வாங்கியிருந்தது, ஆக ஆறு.

"மேற்கு ஒரு கோல் கூட" என்று வாசித்தேன்.

சீட்டைப் பிரித்தபோது மேற்குக்கு இரண்டு, அதில் ஒன்று என்னுடையது; வடக்குக்கு ஒன்று. ஐந்து மணிக்கு முன்பே செயலாளர் சென்னைக்கு மெயில் அனுப்பிவிட்டார். நாங்கள் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

போட்டி முடிந்ததும் கைநோட்டிலிருந்து பெரிய நோட்டுக்குப் படி எடுப்பது என் வழக்கம். புதன்கிழமை காலை கடை திறந்ததும் அதைத்தான் எடுத்தேன். பெரிய நோட்டில் ஆட்டத்துக்கு எண் போட வேண்டும். ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்து, கடைசி வரிக்கு ஏழு என்று போட்டேன். போட்ட பிறகு பேனாவை வைத்துவிட்டேன். நான்கு அணி ஒன்றோடொன்று ஆடினால் ஆறு ஆட்டம்தான் வரும்.

கைநோட்டில் நான் எழுதுவது தேதிவாரியாக. வெள்ளிக்கிழமை என்ன நடந்ததோ அது வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருந்தது: மேற்கு 2, கிழக்கு 0, பக்கத்தில் சின்னதாக 'மழை'. சனிக்கிழமைப் பக்கத்தில் மேற்கு 1, கிழக்கு 0. நடுவர் கைவிட்ட ஆட்டத்தின் இரண்டு கோலையும் நான் கூட்டிவிட்டேன். சும்மா ஆட்டம் பார்க்க வந்தவன் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவனுக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் மறந்தே போயிருக்கும். மேற்கின் உண்மையான கணக்கு நான்கு. வடக்கு ஐந்து.

மூன்றுமுறை கூட்டிப் பார்த்தேன். கடைக்கு வெளியே ஒரு ஒத்திப் பத்திரத்துக்காக அச்சன்புதூரிலிருந்து வந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குப் போனேன்.

செயலாளர் நோட்டை வாங்கிப் பார்த்தார். உடனே புரிந்துகொண்டார்.

"மெயில் போயிட்டே அண்ணாச்சி. அந்தப் பிள்ளையளுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. சனிக்கிழமை ரயிலு."

"தப்பு என் பேர்லதான். நான் எழுதித் தாரேன்."

"நீங்க எழுதித் தருவிய. ஓட்டு எதுக்காவப் போட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? காரணம் எழுதாண்டாம்னு சொன்னது ஆரு?"

"நான்தான்."

அவர் கெட்டவர் இல்லை. கடைசியில், "வடக்குக் காலேஜ் எழுத்துல கேக்கட்டும். கேட்டா கமிட்டியில வச்சிருவோம்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். படியில் உடற்பயிற்சி ஆசிரியர் எதிரே வந்தார். அவரிடமும் சொன்னேன்.

"வடக்குன்னு எழுதுனது நான்தான்வே. கண்ணால பாத்ததுக்குப் போட்டேன். ஒம்ம நோட்ட நான் கேக்கவே இல்ல" என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கோல்கீப்பர் பெண்ணின் அப்பா சீசனில் ஐந்தருவிப் பக்கம் பழக்கடை போடுகிறவர். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். தடை நீங்கவில்லை. குளிக்க வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அருவியைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் நனையாமல் இருக்க நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அவள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"செவ்வாக்கெழமைல இருந்து காலேஜ் போவல. எந்திச்சிக் கடைக்கு வந்துருதா. என்னன்னு கேட்டா பேச மாட்டக்கா" என்றார் அப்பா.

நான் யார் என்று சொன்னேன். ஓட்டுப் போட்டவர்களில் ஒருவன் என்பதையும், நோட்டில் செய்த தப்பையும் சொன்னேன். நீளமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். முடித்த பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

"காசு சுண்டுறதா இருந்துச்சாமே சார். அது ஏன் வேண்டாம்னாங்க?"

"நான்தாம்மா வேண்டாம்னேன்."

"காசு சுண்டித் தோத்திருந்தா, சரி, அவ்வளவுதான்னு போயிருப்பேன் சார். மூணு பேரு பாத்து, நாங்க ரெண்டாவதுன்னு எழுதிட்டாங்கன்னுதான்..." ஒருவர் அரைக் கிலோ கேட்டார். நிறுத்துக் கொடுத்தாள்.

அப்பா என்னைப் பார்த்து, "இப்பம் என்ன செய்யணும்ங்கிய?" என்றார். கோபமாக இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எழுதித் தாங்க சார். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு" என்றாள் அவள்.

அங்கேயே, பழக்கூடைப் பலகை மேல் வைத்து எழுதினேன். எந்தத் தேதியில் எந்த ஆட்டம், எது கைவிடப்பட்டது, எதை நான் தவறாகக் கூட்டினேன், சரியான கணக்கு என்ன, எல்லாம். முறைப்படி வடக்குக் கல்லூரிக்கே முதலிடம் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு முறை வாசித்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு எழுந்து, "அப்பா, நான் காலேஜ் போறேன்" என்றாள். அந்தக் காலை நேரத்தில் அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்ததற்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வடக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உடற்கல்வி இயக்குநரே நேரில் கொண்டுவந்தார். செயலாளர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கமிட்டியைக் கூட்டினார். நிருபர் அன்று திருநெல்வேலியில் இருந்ததால் அவரைப் போனில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"நான் கணக்கப் பாத்துப் போடல சார். மேற்கு ஆட்டம் நல்லாருந்துச்சு, அதான் போட்டேன்" என்றது போன்.

நோட்டு என்ன சொல்லுது என்று முதலில் கேட்டவர் அவர்தான். ஆனால் புதன்கிழமைப் பத்திரிகையில் 'தகுதியான வெற்றி' என்று அவர் எழுதிய செய்தி படத்தோடு வந்துவிட்டது. இனி அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் மனதுக்குள் அன்றைக்கு என்ன இருந்தது என்பதற்கு என்னிடமும் ஆதாரம் இல்லை.

"அப்படின்னா என் ஓட்ட நான் மாத்திக்கிடுதேன்" என்றேன்.

"எண்ணி முடிச்ச ஓட்ட மாத்த முடியுமா அண்ணாச்சி? அமெரிக்காவுல மாத்துவானா?" என்றார் செயலாளர். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மாற்ற மாட்டான் என்றேன். எனக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. கணக்கு என்றால் திருத்தியிருக்கலாம். காசு என்றால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று பேரின் கருத்தைத் திருத்த வழியில்லை. உடற்கல்வி இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எங்கள் ஆசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை நான் ரயில் நிலையத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று நோட்டில் எழுதவில்லை. மேற்குக் கல்லூரிப் பெண்கள் ஒரே நிறச் சட்டையில், பைகளை நடுவில் குவித்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். "ஏட்டி, என் பூட்ஸ எவ மேல வச்சா? நாறுது பாரு" என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய கேப்டன் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள்.

"சார், நீங்க எங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டியளாமே. ரொம்பத் தேங்க்ஸ் சார்."

அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நன்றாக ஆடுங்கள் என்று சொன்னேன். சென்னையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். வடக்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் தோற்றிருக்கலாம். கோல்கீப்பர் தோற்ற ஆட்டத்திலும் ஆட்களின் கண்ணில் படுவாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் பாதி போன பிறகு செயலாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் கடைக்கு வந்தார். சான்றிதழ்கள். எழுத்து அழகாக இருப்பதால் ஒவ்வொரு வருடமும் பெயரையும் இடத்தையும் நிரப்புவது நான்தான். இந்த வருடம் வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். "இதுக்கு மேல எங்கன போவேன் அண்ணாச்சி, பிள்ளையளு கேட்டுட்டே இருக்கு" என்றார். அவற்றில் பதினாறு வடக்குக் கல்லூரிக்கு. பதினைந்தை எழுதிவிட்டேன். பதினாறாவது அந்தக் கோல்கீப்பருடையது; அதையும் எழுதினேன். பெயர், கல்லூரி, ஆட்டத்தில் அவள் நின்ற இடம், பிறகு 'இரண்டாம் இடம்'.

அதைக் கட்டோடு அனுப்ப மனம் வரவில்லை. நானே ஐந்தருவிக்குக் கொண்டுபோனேன். சீசன் முடிந்துகொண்டிருந்தது. தடை எல்லாம் போய், அருவியில் கூட்டமும் குறைந்திருந்தது. அவள்தான் கடையில் இருந்தாள். மேலே படிக்கிறாயா என்று கேட்டேன். செங்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை சொல்லியிருக்கிறார்கள், தை மாதம்வரை பார்க்கலாம் என்றாள். மைதானத்துக்குப் போகிறாயா என்று கேட்கவில்லை.

சான்றிதழை வாங்கி வாசித்தாள். பிறகு கல்லாப்பெட்டிக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதில் பழக்கூடைப் பலகை மேல் வைத்து நான் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்கனயாச்சும் வேலைக்குக் கேட்டா, எத சார் காட்ட?"

பத்திரம் எழுதுபவனாக எனக்குப் பதில் தெரியும். முத்திரை உள்ளதைத்தான் காட்ட வேண்டும். அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சான்றிதழை மட்டும் உறைக்குள் வைத்தாள். கடிதத்தை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.